‘வானிலைச் சிதைவு’ வேண்டாம், ‘தடமேற்றல்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மாதிரி நீர்மூழ்கிக்குப் பெயிண்ட் அடித்து முடித்தபின், கடலில் கிடந்து வந்த கப்பல்போலத் துருவும் கறையும் தீட்டுகிறோமே, ஆங்கிலத்தில் ‘வெதரிங்’ எனப்படும் அந்த வேலைக்குத் தமிழில் ‘வானிலைச் சிதைவு’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. புவியியலில் பாறைக்கு அது பொருந்தும். நம் வேலைக்கு அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

பாறை சிதைந்து மண்ணாகிறது. நீர்மூழ்கியின் உடலோ உறுதியாகத்தான் இருக்கிறது. மேற்பூச்சு மட்டுமே மாறுகிறது. மாற்றுவதும் வானிலை மட்டுமன்று. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியின் ஏழு-சி வகை நீர்மூழ்கிப் படகை எடுத்துக்கொள்வோம். அது பெரும்பாலும் நீர்மட்டத்தின் மேல்தான் ஓடியது, ஆகவே வெயிலுக்கும் பங்குண்டு. ஆனால் படகு மேலெழும்போது பக்கவாட்டுத் துளைகள் வழியே கடல்நீர் வடிகிறது. ஒவ்வொரு துளைக்குக் கீழும் துரு கோடாக இறங்குகிறது. டீசல் புகை பின்பகுதியில் கரியாகப் படிகிறது. மாலுமிகளின் காலணி மரத்தளத்தைத் தேய்க்கிறது. இக்கால அணுசக்தி நீர்மூழ்கிகளில் ஒலியை அடக்க ஒட்டிய ரப்பர் ஓடுகள் ஆங்காங்கே உரிந்து, கட்டம் கட்டமாக வெற்றிடம் தெரிகிறது. அதில் வானிலை எங்கே இருக்கிறது?

‘மூப்பூட்டல்’ என்ற சொல்லும் வந்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் புதுப் படகுகூடச் சில வாரக் கடற்பயணம் முடிந்து திரும்பும்போது துருவோடுதான் வந்தது. அதை முதுமை என்பது அந்தப் படகுக்கு நியாயம் செய்யாது.

என் பரிந்துரை ‘தடமேற்றல்’. விரல்தடம், காலடித்தடம் என்பதுபோல உப்பும் புகையும் உராய்வும் விட்டுச்சென்ற அடையாளம் எல்லாமே தடம்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஏறு–ஏற்று என்ற வேறுபாடு. உண்மைக் கப்பலில் தடம் தானாக ஏறுகிறது. மாதிரியில் நாம் ஏற்றுகிறோம். தன்வினையும் பிறவினையும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடலாமா? ‘தடமேறிய கப்பல்’, ‘தடமேற்றிய மாதிரி’ என்று சொல்லிப் பாருங்கள், குழப்பமே வராது. தடம் என்றால் பாதையும் ஆகுமே என்ற மறுப்பு எழலாம். ‘ஏற்றல்’ சேர்ந்ததும் அந்தப் பொருள் விலகிவிடுகிறது.

தனித்தனி விளைவுகளுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். துரு ஏறும், உப்புப் பூக்கும், பாசி பிடிக்கும், நிறம் வெளிறும். ஒவ்வொன்றுக்கும் உரிய வினையை மொழி முன்பே கொடுத்துவிட்டது.

செய்முறைகளுக்குத்தான் சொல் தேவை. மிக நீர்த்த பெயிண்டைத் தடவினால் அது இடுக்குகளில் ஓடித் தங்கும். இதற்கான ‘வாஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே ‘கழுவல்’ என்று எழுதுவது தவறான பொருள் தருகிறது, ஏனென்றால் இங்கே எதையும் கழுவி நீக்கவில்லை. ‘இடுக்குப்பூச்சு’ எனலாம். தூரிகையைக் கிட்டத்தட்டக் காயும்வரை துடைத்துவிட்டு, புடைத்த விளிம்புகளில் மட்டும் உரசுவது ‘மேட்டுப்பூச்சு’. இரண்டும் இணையாக நிற்பதால் புதிதாகக் கற்பவருக்கு எது எங்கே படியும் என்பது சொல்லிலேயே விளங்கும்.

பெயிண்ட் செதிலாகப் பெயர்ந்த இடத்துக்குப் ‘பொருக்கு’ என்பேன். 67 மீட்டர் நீளமுள்ள ஏழு-சி படகு 1:72 அளவில், அதாவது 72-இல் ஒரு பங்காக, ஏறத்தாழ 93 செ.மீ. ஆகிறது. அதில் 1 மி.மீ. பொருக்கு வைத்தால் உண்மையில் அது 7.2 செ.மீ. அகலம். தூரிகை முனைகூடப் பெரிதாகிவிடுவதால் பிய்த்த பஞ்சுத் துண்டால் ஒற்றி எடுக்கிறோம். இதற்குப் ‘பொருக்கொற்றல்’ என எழுதினேன். வாய்விட்டுப் படித்தால் நாக்கு இடறுகிறது. ‘பஞ்சொற்றல்’ மேலாக இருக்குமா? உங்கள் கருத்தை அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்