ஓப்பன்ஹைமர் கீதை சொன்னது நிஜமா?

வெட்டிஆபீசர்:
எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியப்பா இதை மாதம் ஒரு முறையாவது அனுப்பிவிடுகிறார். முதல் அணுகுண்டு சோதனையில் வெடித்ததும், அதைச் செய்த விஞ்ஞானிகளின் தலைவர் ஓப்பன்ஹைமர் அங்கேயே நின்று 'நான் மரணமாகிவிட்டேன், உலகங்களை அழிப்பவன்' என்ற கீதை சுலோகம் சொன்னாராம், குண்டு செய்யும் வித்தையே கீதையிலிருந்துதான் வந்தது என்று வால் வேறு. ஓப்பன்ஹைமருக்கு உண்மையிலேயே சமஸ்கிருதம் தெரியுமா? அப்புறம், மூலத்தில் 'காலோஸ்மி' என்றுதானே இருக்கிறது, அதை 'மரணம்' ஆக்கியது தப்பில்லையா?

பழையபேப்பர்:
வால் பொய், தலை பாதி நிஜம். 1945 ஜூலை 16 அன்று பக்கத்தில் இருந்த தம்பி ஃபிராங்கின் நினைவில், அண்ணன் சொன்னது 'வேலை செஞ்சிடுச்சு' என்கிற மாதிரி ஏதோதான். நாம் பார்க்கும் வீடியோ 1965-இல் தொலைக்காட்சிக்காக எடுத்தது, அதிலும் கீதை வரி ஞாபகம் வந்தது என்றுதான் சொல்கிறார், வாய்விட்டுச் சொன்னதாக இல்லை. சமஸ்கிருதம் நன்றாகவே தெரியும். 1933 வாக்கில் பெர்க்லியில் ஆர்தர் ரைடர் என்ற பேராசிரியரிடம் கற்றுக்கொண்டு கீதையை மூலத்திலேயே படித்தார்.

மூணாம்பெஞ்சு:
'காலோஸ்மி' 11ஆம் அத்தியாயம், 32ஆவது சுலோகம். 'காலம்' என்பதுதான் நேர்ப்பொருள், நிறைய உரைகளும் அப்படித்தான் சொல்லும். ஆனால் ரைடரே தன் 1929 மொழிபெயர்ப்பில் 'மரணம்' என்றுதான் போட்டிருக்கிறார், வாத்தியார் வழியில் மாணவர். ஆங்கிலத்தில் இதற்குப் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள், நமக்கு என்ன கஷ்டம்? 'காலன் வந்துட்டான்' என்றால் யார் வந்தது என்று நம் பாட்டிக்குத் தெரியாதா!

பழையபேப்பர்:
அட, இது தோணவே இல்லை! இன்னொன்று: எல்லாரும் கீதையையே பிடித்துத் தொங்குகிறார்கள், பாவம் சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியை யாரும் கண்டுகொள்வதில்லை. சோதனைக்கு முன்பு, போர்க்கால அமெரிக்க அறிவியல் ஆய்வுகளுக்குத் தலைவராக இருந்த வானெவர் புஷ்ஷிடம் ஓப்பன்ஹைமர் சொல்லிக்காட்டியது பர்த்ருஹரி பாட்டைத்தான், போரிலும் காட்டிலும் தூக்கத்திலும் ஒருவனை அவன் முன்பு செய்த நல்வினையே காக்கும் என்று வரும். 1963-இல் ஒரு பத்திரிகை கேட்டு, தன்னை உருவாக்கிய 10 நூல்களைப் பட்டியலிட்டபோதும் கீதையோடு பர்த்ருஹரியும் இருந்தார். எலியட்டின் ஆங்கிலக் கவிதை 'தி வேஸ்ட் லேண்ட்' கூட அதில் உண்டு, அது முடிவதே உபநிடதத்தின் 'சாந்தி'யில்தான். ஆக, பத்தில் நம்ம ஊர் வாசனை உள்ளவை மூன்று.

வெட்டிஆபீசர்:
நன்றி மக்களே. பெரியப்பாவிடம் காலன் விஷயத்தை மட்டும் சொன்னேன். "அதைத்தானேடா நானும் சொல்றேன்" என்கிறார்.