செல்லாது என்று முதலில் சொன்னது யார்?

பாளையங்கோட்டையான்:
நேற்று வேறொரு இழையில் ஒரு அன்பர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "மார்மன் மக்கள் யாருடைய ஞானஸ்நானத்தையும் குறை சொன்னதில்லை. மற்றச் சபைகள்தான் பொறாமையில் அவர்களைக் கிறிஸ்தவர்களே இல்லை என்று ஒதுக்கிவைக்கின்றன." படித்ததும் காபி புரையேறிவிட்டது. (காபி மார்மன்களுக்கு ஆகாது, மத விலக்கு. எனக்கு ஆகும்.)

நான் ஆறு வருடமாக உட்டா மாநிலத்தில் ஒரேம் ஊரில் இருக்கிறேன். அக்கம்பக்கம் எல்லாம் மார்மன்கள்தான். நல்ல மனிதர்கள், மறுக்கவில்லை. பனி கொட்டிய காலையில் நான் எழுவதற்குள் என் வாசலையும் சேர்த்து வாரிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அதே வாசலில்தான் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டு பையன்கள் வந்து, நான் மறுபடி ஞானஸ்நானம் எடுப்பதைப் பற்றி ஜெபித்தேனா என்று கேட்கிறார்கள். ஐந்து தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற, இன்று தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) இருக்கும் குடும்பம் எங்களுடையது. அது கணக்கில் இல்லையாம்.

அன்பருக்கு ஒரே ஒரு தேதி. அவர்கள் சபை நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது 1830 ஏப்ரல் 6. பத்தே நாள் கழித்து, ஏப்ரல் 16 அன்று, அதைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்துக்கு ஒரு வெளிப்பாடு. அவர்கள் வேதநூல்களில் ஒன்றான 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலில் 22ஆம் பிரிவு. நாங்கள்தான் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றுவிட்டோமே, மறுபடி எதற்கு என்று சிலர் கேட்டதற்கு வந்த பதில்: நூறு தடவை பெற்றிருந்தாலும் பயனில்லை. நூறு தடவை! அப்படியானால் செல்லாது என்று முதலில் சொன்னது யார்?

ஏரிக்கரை:
'அன்பர்' என்று முகமூடி போடத் தேவையில்லை பிரதர், எழுதியவன் நான்தான். மார்மன் என்று எழுதியது மட்டும் என் தவறு. 2018இல் எங்கள் அன்றைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் முழுப்பெயரையே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. எங்கள் பெயரில் இயேசு கிறிஸ்து இருக்கிறார். உங்கள் சபையின் பெயரில் இருப்பது தென்னிந்தியா.

22ஆம் பிரிவு உங்கள் விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. அப்போஸ்தலர்களுக்குப் பின் அந்த ஆசாரியத்துவம் பூமியில் இல்லாமல் போனது, ஜோசப் ஸ்மித் வழியாகத் திரும்ப வந்தது என்பது எங்கள் நம்பிக்கை. இதற்காக உங்களைக் கிறிஸ்தவர் இல்லை என்று நாங்கள் சொன்னதே கிடையாது. நீங்கள் சொல்கிறீர்கள். எங்கள் ஞானஸ்நானம் செல்லுமா என்ற கேள்விக்கு 2001 ஜூன் 5 அன்று வத்திக்கான் ஒரே வார்த்தையில் 'இல்லை' என்று சொன்னது. அதற்கு முந்திய வருடமே அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்டுகள், எங்களிடமிருந்து வருகிறவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நீங்கள் தேதி தந்தீர்கள், நானும் தந்துவிட்டேன்.

பாளையங்கோட்டையான்:
2001க்கு முன்னால் 1830 வருமா, பின்னால் வருமா?

வழிப்போக்கன்:
இரண்டு பேருக்கும் ஒரு சின்னக் கேள்வி. 'கிறிஸ்தவர்' என்றால் யார்? அதை முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதி சண்டை குறையும். 325இல் நிசேயா பொதுச்சங்கத்தில் எழுதிய விசுவாச அறிக்கையை ஏற்பவரா, இயேசுவை ஆண்டவர் என்பவரா?

பாளையங்கோட்டையான்:
வரையறை அப்புறம் இருக்கட்டும். 1830க்குப் பதில் வரட்டும்.

மாடப்புறா:
வத்திக்கானை இழுத்ததால் வருகிறேன். முதலில், அது திருமுழுக்கு. 'ஸ்நானம்' என்றால் குளியல். தமிழில் எழுதும்போதாவது தமிழில் எழுதுங்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை எளிதில் யாருடைய திருமுழுக்கையும் தள்ளுவதில்லை. தகுதியற்ற குருக்கள் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்ற தொனாத்துவாதிகளோடு புனித அகுஸ்தினார் மோதிய காலத்திலிருந்தே, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தண்ணீரில் கொடுத்தது யாராக இருந்தாலும் ஏற்பதுதான் வழக்கம். அதனால்தான் பாளையங்கோட்டையார் நாளைக்கே எங்கள் கோவிலுக்கு வந்தாலும் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டோம். மார்மன் சடங்கில் சொற்கள் கிட்டத்தட்ட எங்கள் சொற்களேதான். பொருள்தான் வேறு. அவர்களுக்குத் தந்தை எலும்பும் சதையும் உள்ள உடல் கொண்டவர், மகன் தனி ஆள், ஆவியானவர் தனி ஆள். மூவரும் நோக்கத்தில் மட்டும் ஒன்று. எங்களுக்கு மூவரும் ஒரே கடவுள். ஒரே சொல்லால் வேறு ஒருவரை அழைத்தால் அது அதே அழைப்பு ஆகுமா? 2001 தீர்ப்பின் சாரம் இதுதான்.

பாளையங்கோட்டையான்:
நன்றி ஃபாதர் (ஃபாதர்தானே?). 'ஸ்நானம்' எங்கள் வேதாகமத்தில் இருக்கும் சொல். நீங்கள் 1995இல் புது மொழிபெயர்ப்பு போட்டுக்கொண்டு எங்களுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டாம்.

மாடப்புறா:
ஃபாதர் இல்லை. மூன்று பிள்ளைகளின் தகப்பன். பைபிளைத் தமிழாக்க வந்தவர்கள் வடமொழி அகராதியோடு வந்தார்கள் என்றால் அது என் குற்றமா?

முழுக்கு மட்டுமே:
பிரெய்ஸ் தி லார்ட். எல்லோரும் அடிப்படையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். விவரம் தெரியாத குழந்தையின் நெற்றியில் நாலு சொட்டுத் தெளிப்பது ஞானஸ்நானமே அல்ல. அதை 1830இல் ஒருவர் செல்லாது என்றால் என்ன, 2001இல் ஒருவர் செல்லாது என்றால் என்ன? வேதம் முதலிலேயே சொல்லிவிட்டது. விசுவாசித்து, அப்புறம்தான் முழுக்கு.

ஏரிக்கரை:
நாங்களும் அதையேதான் சொல்கிறோம் பிரதர். எட்டு வயதுக்கு முன் கொடுப்பதில்லை, தலை உள்ளே போகும் முழுக்கு மட்டும்தான்.

முழுக்கு மட்டுமே:
உங்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். வானத்திலிருந்து வருகிற தூதனே வேறொரு சுவிசேஷத்தைப் பிரசங்கித்தாலும் சபிக்கப்பட்டவன் என்று கலாத்தியர் 1:8 சொல்கிறது. ஜோசப் ஸ்மித்துக்கு மொரோனி என்ற தூதன் பொன் தகடு காட்டினான் என்கிறீர்களே, அந்த வசனம் யாருக்காக எழுதியது?

பாளையங்கோட்டையான்:
ஆக, பெந்தெகொஸ்தே பிரதரும் ஏரிக்கரையும் ஒரே தொட்டி. தண்ணீர் மட்டும் வேறு. இதே பிரதர் போன வருடம் தமிழ் ஐக்கிய ஆராதனை பற்றிய இழையில் எங்கள் ஆயரைப் 'பட்டம் வாங்கிய பரிசேயர்' என்று எழுதியதை நான் மறக்கவில்லை.

'தென்னிந்தியா' என்று கிண்டல் செய்தவருக்கும் சொல்கிறேன். 1947 செப்டம்பர் 27 அன்று மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லோரும் ஒன்றானபோது ஒருவருக்குக்கூட மறுபடி ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஒருவருக்குக்கூட. அதுதான் எங்கள் பெருமை. நூறு தடவை பெற்றாலும் பயனில்லை என்று எவரும் சொல்லவில்லை.

டல்லஸ் அக்கா:
தம்பிகளா, கொஞ்சம் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 2011இல் டல்லஸ் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையின் ராபர்ட் ஜெஃப்ரஸ், மார்மன் மார்க்கம் ஒரு கள்ளப்போதகக் கூட்டம் என்று நிருபர்களிடமே சொன்னார். மறு வருடம் மார்மனான மிட் ராம்னி அதிபர் வேட்பாளர் ஆனார். அக்டோபரில் பிரபல சுவிசேஷகர் பில்லி கிரகாமைப் போய்ப் பார்த்தார். சில நாளில் கிரகாம் அமைப்பின் இணையதளத்திலிருந்த கள்ளப்போதகப் பட்டியலில் மார்மன் பெயர் காணாமல் போனது! ஜெஃப்ரஸும் ஒபாமாவுக்கு எதிராக ராம்னிக்கே ஆதரவு தந்தார். நிசேயா, அகுஸ்தினார் என்று நீங்கள் பேசிக்கொண்டிருங்கள்.

பாளையங்கோட்டையான்:
அக்கா, அது அமெரிக்க அரசியல். ஞானஸ்நானத்தை யாரும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை.

ஏரிக்கரை:
அரசியல்தானே அக்கா எல்லாவற்றுக்கும் மூலம். 1838இல் மிசௌரி ஆளுநர் பாக்ஸ், மார்மன்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் என்று உத்தரவே போட்டார். அதே அக்டோபரில் ஹான்ஸ் மில் என்ற எங்கள் குடியிருப்பில் 17 பேரைக் கொன்றார்கள். அந்த உத்தரவை ரத்து செய்ய 1976 வரை ஆனது. கொன்றவர்கள் எல்லோரும் 'செல்லுபடியாகும்' ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

பாளையங்கோட்டையான்:
1857, உட்டாவில் மவுண்டன் மெடோஸ் படுகொலை. அந்த வழியாகப் போன வண்டிக் குடும்பங்களில் சுமார் 120 பேர். கொன்றவர்கள் எந்த ஞானஸ்நானம்?

ஏரிக்கரை:
அது வெட்கக்கேடு என்று நாங்கள் ஒத்துக்கொள்கிறோம். உங்கள் பக்கத்தில் ஒத்துக்கொள்கிறவர் யார்?

டல்லஸ் அக்கா:
ஒருவர் ஒத்துக்கொண்டார். 2004 நவம்பரில் மார்மன்களின் பெரிய மண்டபமான சால்ட் லேக் டாபர்நாக்கிளில், எவாஞ்சலிக்கல்களின் ஃபுல்லர் இறையியல் கல்லூரித் தலைவர் ரிச்சர்ட் மவ், நாங்கள் உங்களுக்கு எதிராகப் பாவம் செய்தோம் என்று மார்மன்களிடம் சொன்னார். அவர் சொன்னதற்கு அவருடைய எவாஞ்சலிக்கல் ஆட்களே குதித்த குதி எனக்கு நினைவிருக்கிறது. அன்று இரவு அங்கே முக்கியப் பேச்சாளர் நம் தமிழர், பிரசங்கியார் ரவி சகரியாஸ்.

மாடப்புறா:
மதராசில் பிறந்தால் தமிழர் ஆகிவிடுவாரா? அவர் குடும்பம் கேரளம்.

முழுக்கு மட்டுமே:
அவர் பெயரை இங்கே எடுக்க வேண்டாம். அவர் இறந்த பிறகு அவரைப் பற்றி வெளியான புகார்களைப் படித்துவிட்டு வாருங்கள்.

டல்லஸ் அக்கா:
மேடையைத்தான் சொன்னேன், ஆளுக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை.

வழிப்போக்கன்:
வரையறை கேட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது.

பாளையங்கோட்டையான்:
மரித்தவர்களுக்கு (அவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருக்கிறவர் முழுகி) ஞானஸ்நானம் கொடுப்பதை யாருமே கேட்கவில்லையே, நான் கேட்கிறேன். உயிரோடு இருக்கிறவனை வாசலில் வந்து கேட்கிறீர்கள், சரி. செத்தவனை யாரைக் கேட்டீர்கள்? நாஜி வதைமுகாம்களில் இறந்த யூதர்களின் பெயரில் கோயிலில் ஞானஸ்நானம் எடுத்து, யூத அமைப்புகள் கொதித்து, 1995இல் நிறுத்துவதாக ஒப்பந்தம் போட்டீர்கள். அதற்குப் பிறகும் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. என் கொள்ளுத்தாத்தா பெயரும் உங்கள் பட்டியலில் ஏறினால்?

மாடப்புறா:
2008இல் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளை அவர்களுடைய வம்சாவளிச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது இதனால்தான்.

ஏரிக்கரை:
1 கொரிந்தியர் 15:29. மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றிப் பவுல் எழுதியிருக்கிறார். உங்கள் வேதாகமத்தில் அந்த வசனத்தைக் கிழித்துவிட்டார்களா? அது கட்டாயமும் இல்லை. மறுமையில் அவர் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பாளையங்கோட்டையான்:
ஆக, என் கொள்ளுத்தாத்தா அங்கே உட்கார்ந்து உங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 1830இல் உயிரோடு இருந்தவர்களைச் செல்லாது என்றீர்கள், இப்போது செத்தவர்களையும் விடவில்லை. அடுத்த சபை ஆட்களை இழுக்கும் ஆட்டுத்திருட்டில் இது புது வகை. கல்லறையிலிருந்தே ஆட்டை ஓட்டுகிறீர்கள்.

ஏரிக்கரை:
ஆட்டுத்திருட்டா? 1998இல் தென் பாப்டிஸ்டுகள் தங்கள் வருடாந்திரக் கூட்டத்தைச் சால்ட் லேக்கிலேயே வைத்துக்கொண்டு தெருத்தெருவாக எங்கள் வீட்டுக் கதவுகளைத் தட்டினார்கள். எங்கள் மாநாடு நடக்கும்போது வெளியே நின்று ஒலிபெருக்கியில் கத்துகிறவர்கள் யார்? நீங்கள் தட்டினால் ஊழியம், எங்கள் பையன்கள் தட்டினால் திருட்டு. அந்தப் பையன்கள் பதினெட்டு வயதில் வீட்டை விட்டு இரண்டு வருடம் சொந்தச் செலவில் அலைகிறவர்கள்.

நாங்கள் நேற்று முளைத்தவர்களும் அல்ல. 1853லேயே எங்கள் ஊழியர் ரிச்சர்ட் பாலன்டைன் மதராசுக்கு வந்து பிரசங்கித்தார்.

பாளையங்கோட்டையான்:
வந்தார். 1852இல் பலதார மணத்தை ஊரறிய அறிவித்துவிட்டு மறு வருடம் மதராசுக்கு ஆள் அனுப்பினால் எவன் கேட்பான்? எங்கள் ஊரில் 1778லேயே ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையார் கட்டிய கோவில் இன்றும் நிற்கிறது.

ஏரிக்கரை:
அதே குளோரிந்தா அம்மையாருக்கு மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் தர மறுத்த கதையையும் சொல்லிவிடுங்கள்.

பாளையங்கோட்டையான்:
மறுத்தார், பின்பு கொடுத்தார். கொடுத்ததைச் செல்லாது என்று சொல்லவில்லை. கொடுக்காமல் இருப்பதும் கொடுத்ததைச் செல்லாது என்பதும் ஒன்றா?

ஏரிக்கரை:
சரி, சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் இந்தச் சபையில் சேர்ந்து மூன்றாம் வருடம் என் அப்பா இறந்தார். அவர் கடைசி வரை அவருடைய சபையில்தான் இருந்தார். அங்கேதான் காணிக்கை, அங்கேதான் பாடகர் குழு. ஆனால் மகன் மார்மன் ஆகிவிட்டான் என்று சொல்லி அவரைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க அரை நாள் இழுத்தடித்தார்கள். வெயிலில் பெட்டியோடு நின்றோம். அப்போது யாரும் 1830 பற்றிப் பேசவில்லை.

டல்லஸ் அக்கா:
வருத்தமாக இருக்கிறது தம்பி.

பாளையங்கோட்டையான்:
வருத்தம்தான், அது தவறுதான். ஆனால் ஒரு கமிட்டிக்காரர் செய்த அக்கிரமம் வேறு, ஒரு சபையின் வேதநூல் சொல்வது வேறு. கமிட்டிக்காரர் வேதநூல் எழுதவில்லை.

முழுக்கு மட்டுமே:
கல்லறைக்கு வரி வாங்கும் சபைகளைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

பாளையங்கோட்டையான்:
தொடங்குங்கள். உங்கள் பாஸ்டரின் காரைப் பற்றியும் அதில் பேசலாம்.

முழுக்கு மட்டுமே:
கர்த்தர் கொடுத்த காரைப் பற்றிப் பேச நீங்கள் யார்?

மாடப்புறா:
திருமுழுக்கு என்று ஒருவராவது எழுதியிருக்கிறீர்களா என்று தேடிப் பார்த்தேன். நான் மட்டும்தான்.

வழிப்போக்கன்:
பெங்களூரில் கோயில் கட்டுவதாக 2018இல் அறிவித்தார்களே, அது முடிந்தால் உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா? வரையறையை நான் விட்டுவிட்டேன்.

ஏரிக்கரை:
அர்ப்பணிப்புக்கு முன் சில நாட்கள் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன். 2001இல் 'இல்லை' என்று சொன்னவர்களும் வரலாம்.

பாளையங்கோட்டையான்:
பார்த்தீர்களா, இங்கேயும் ஆள் பிடிக்கிறார். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது, மத்தியானம் வந்து 22ஆம் பிரிவை வரி வரியாகப் போடுகிறேன். மொத்தமே நாலு வசனம்தான். ஏரிக்கரை பிரதர், அதுவரை '1830' என்று ஒரு தாளில் எழுதி அதற்குக் கீழே '2001' என்று எழுதி, எது பெரிது என்று கழித்துப் பாருங்கள்.

ஏரிக்கரை:
பெரியது 2001.