ஆர்ம்64-இல் புரொஃபைலர் பூஜ்ஜிய நேரம் காட்டுவது ஏன்?

கேள்வி: எக்ஸ்86 பிராசஸரில் சரியாக இயங்கும் எங்கள் புரொஃபைலர் (ஒவ்வொரு ஃபங்ஷனும் எடுக்கும் நேரத்தை அளக்கும் கருவி), ஆர்ம்64 பிராசஸரில் சிறிய ஃபங்ஷன்களுக்குப் பூஜ்ஜிய நேரம் காட்டுகிறது; அவற்றை அழைத்த சில ஃபங்ஷன்களின் பெயர்களும் பட்டியலில் விடுபடுகின்றன. நேரம் படிக்கும் கட்டளையை மட்டுமே மாற்றியிருக்கிறோம். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1: எக்ஸ்86-இல் ஆர்டிடிஎஸ்சி (RDTSC) கட்டளை படிக்கும் நேரக் கவுண்டர் பெரும்பாலும் கிகாஹெர்ட்ஸ் அளவில் ஓடுகிறது, ஆர்மின் சிஎன்டிவிசிடி (CNTVCT) கவுண்டரோ பல சிப்களில் சில பத்து மெகாஹெர்ட்ஸ்தான். 24 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 41.7 நானோவினாடி ஆகும். அதற்குள் முடியும் ஃபங்ஷன் பல நேரம் பூஜ்ஜியமாகவே தெரியும். கவுண்டரின் வேகத்தைக் கோடில் நிலையாக எழுதிவிடாமல், அதைத் தரும் சிஎன்டிஎஃப்ஆர்க்யூ (CNTFRQ) ரெஜிஸ்டரிலிருந்து படியுங்கள்.

பதில் 2: பெயர்கள் விடுபடுவதற்கு ஸ்டாக்கையும் (ஃபங்ஷன் அழைப்புகளின் விவரம் இருக்கும் நினைவகப் பகுதி) பாருங்கள். எக்ஸ்86-இல் ஃபங்ஷனை அழைக்கும் ‘கால்’ (call) கட்டளையே திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் வைத்துவிடும்; ஆர்ம்64-இல் அது எக்ஸ்30 ரெஜிஸ்டரில் இருப்பதால், வேறெதையும் அழைக்காத ஃபங்ஷன் ஓடும் நொடியில் புரொஃபைலர் சாம்பிள் எடுத்தால், ஃபிரேம் பாயிண்டரை (ஸ்டாக்கில் ஃபங்ஷனின் இடத்தைக் காட்டும் ரெஜிஸ்டர்) மட்டும் நம்பும் கருவி அதை அழைத்த ஃபங்ஷனைத் தவறவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்: விடுபட்ட பெயர்களுக்கான காரணமும் புரிந்தது, நன்றி.