நாங்கள் தூவாத மருந்து எங்கள் மண்ணில்

விழுப்புரம் பக்கம் மாமனார் வழியில் வந்த மானாவாரி நிலத்தில் மணிலா போடுகிறோம். எண்ணெய்க்காகக் கொள்முதல் செய்ய வந்தவர் இயற்கைச் சான்றிதழோடு மண் பரிசோதனை அறிக்கையும் கேட்டார். அதில் டி.டி.இ., பீட்டா எச்.சி.எச். என்று இரண்டு பூச்சிமருந்து எச்சங்களின் பெயர்கள். நிலம் எங்கள் கைக்கு வந்ததிலிருந்து பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் தவிர எதையும் தெளித்ததில்லை. ஆய்வகத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

பக்கத்து நிலத்துப் பெரியவர்தான் விளக்கினார். அந்தக் காலத்தில் கம்பளிப்புழு வந்தால் பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துத் தூளை (எச்.சி.எச்.சின் இன்னொரு பெயர்) மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, விடியலில் பனி ஈரம் காய்வதற்குள் செடிமேல் தட்டிக்கொண்டே போவார்களாம். மிச்சத்தை வரப்பில் உள்ள எறும்புப் புற்றில் கொட்டிவிடுவார்களாம்.

அந்தத் தூளில் பூச்சியைக் கொல்வது காமா என்ற வடிவம் மட்டுமே. அது இருந்ததோ 10 முதல் 15 விழுக்காடு. மீதியெல்லாம் மண்ணுக்கு வீண் சுமை, அதில் மிகப் பிடிவாதமானது பீட்டா. இந்தியாவில் பி.எச்.சி.க்கு 1997இல் தடை வந்தது. டி.டி.டி. என்ற இன்னொரு பூச்சிமருந்தை வயலில் போடுவதை 1989இலேயே நிறுத்தினார்கள். ஆனால் டி.டி.டி. சிதைந்தால் டி.டி.இ. ஆகிறது, அதுவும் லேசில் போகாது. அறிக்கையில் டி.டி.டி. குறைந்து டி.டி.இ. மிகுந்திருந்தால் பழைய மருந்து என்று கொள்ளலாம். எங்களுடையது அப்படித்தான். ஆண்டுப் பயிருக்குச் சான்றிதழ் விதி கேட்கும் மாறுகாலம், அதாவது இயற்கை முறைக்கு மாறக் காத்திருக்கும் காலம், 2 ஆண்டுகள். பீட்டா மண்ணை விட்டுப் போக அது போதாது. போதாக்குறைக்கு இவை எண்ணெயில் கரையும் சரக்கு. நாங்கள் விற்பதும் எண்ணெய் வித்து!

---

மேலே எழுதிய நண்பருக்கு: தஞ்சைப் பக்கம் எங்கள் நஞ்சையிலும் அதே தூளை வாரி இறைத்தார்கள். ஆனாலும் வயல் மண்ணில் ஏதும் அகப்படவில்லை. நீர் தேங்கிய, காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் காமாவை விரைவாகத் தின்றுவிடுகின்றன. புஞ்சையில் அந்த வசதி இல்லை.

சிக்கியது கொல்லைதான். பழைய நெற்குதிர் இருந்த இடத்தில் தம்பி பரங்கி போட்டிருந்தார். நெற்குதிரின் அடியில் சுற்றிலும் டி.டி.டி. தூவுவது அப்போது வழக்கம். காயைச் சோதித்ததில் டி.டி.இ. இருந்தது. பரங்கி, வெள்ளரி இனங்கள் இத்தகைய எச்சங்களை வேர் வழியாக மற்றப் பயிர்களைவிட அதிகம் இழுக்கும். ஜப்பானில் டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்தும் வெள்ளரியில் அதன் எச்சம் அகப்பட்டது இதனால்தான். எனவே மண்ணை எடுக்கும்போது வயல் நடுவோடு நிறுத்தாமல் குதிர், களம், மருந்து கலக்கிய மூலை ஆகியவற்றிலும் தனித்தனியாக எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பினால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. எங்கள் கொல்லையில் இப்போது கனகாம்பரம் போட்டிருக்கிறோம்.