கொடுக்கப் போன இடத்தில் கேட்டது

செயலாளர்

சென்ற ஞாயிறு நம் அரிமா சங்க (லயன்ஸ் கிளப்) கூட்டத்தில் தேசிய கீதம் பாடி முடித்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அரைமணி நேரம் பேசினோம். "கொடுக்கப் போன இடத்தில் அவரவர் பார்த்ததை எழுதிவையுங்கள், அடுத்த டிசம்பருக்குள் மறந்துபோகும்" என்றார் தலைவர். நான் தொடங்கிவைக்கிறேன், மற்றவர்கள் தொடருங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு விவரம். அரிமா இயக்கத்தின் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். கணக்கு முடிப்பதும், புதிய பொறுப்பாளர்கள் பதவி ஏற்பதும் அந்தச் சமயத்தில்தான். ஆனால் நம் நெல்லைப் பக்கம் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று மூன்றும் அடுத்தடுத்து வருவதால், கொடுக்கல் வேலை முழுக்க டிசம்பர் கூட்டத்தில்தான் முடிவாகும். ஆண்டு இறுதிக் கூட்டம் என்று நாம் சொல்லிப் பழகியதும் அதனால்தான்.

வழக்கம்போல இந்த வருடமும் முதியோர் இல்லத்துக்கு நவம்பரிலேயே போன் செய்தேன். "சிஸ்டர், கிறிஸ்துமஸ் அன்னைக்கு மதியச் சாப்பாடு நாங்க தரலாமா?"

"அன்னைக்கு ஏற்கெனவே நாலு பேர் சொல்லிட்டாங்க சார். போன வருஷம் மூணு பிரியாணி வந்துச்சு. பாதி பேருக்குப் பல்லு இல்ல, சுகர் வேற. சாயங்காலம் எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டினோம். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த மூன்றில் ஒன்று நாம் கொடுத்தது.

அப்புறம்தான், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, "உங்களுக்கு என்ன வேணும் சிஸ்டர்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, மளமளவென்று சொன்னார்கள். பெரியவர்களுக்கான டயப்பர், பெரிய சைஸ். ரப்பர் ஷீட். டெட்டால். நல்ல கனமான நகவெட்டி நாலு. "சாப்பாடு போடணும்னா பிப்ரவரில வாங்க சார், அப்போ யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க." படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று டயப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு பேருக்கு ஒரு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஆயிரம். இந்தக் கணக்கை எந்த நன்கொடையாளரும் அவர்களிடம் கேட்டதில்லை.

போன வாரம் பொருட்களைக் கொண்டுபோய் இறக்கினோம். அங்கே ஒரு பெரியவர், ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர். கால் பெருவிரல் நகம் மாட்டுக் கொம்பு மாதிரி தடித்து வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. நர்ஸம்மா வெந்நீரில் காலை ஊறவைத்தார்கள். நான் தண்ணீர் பேசினைப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை இருப்பதால் காயம் பட்டால் ஆறாது என்று, ஒவ்வொரு நகத்துக்கும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, பொடிப்பொடியாக வெட்டினார்கள். பத்து விரலும் முடிந்ததும் அவர் எழுந்து செருப்பைப் போட்டார். ஆறேழு மாதமாகச் செருப்பு போட முடியாமல் இருந்தாராம். வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு நடை நடந்து காட்டினார்.

டீச்சர், அந்த ரெக்கார்ட் நோட்டு விஷயத்தை நீங்கள் எழுதுங்கள். அன்று வராதவர்களும் படிக்கட்டும்.


டீச்சர்

சரி தம்பி, எழுதுகிறேன். அதைச் சொல்லாமல் எனக்கு டிசம்பர் கழிவதில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் பெய்ததை மழை என்று சொல்ல மனம் வரவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தாமிரபரணி கரையை மீறி ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்தது. திருச்செந்தூரில் கிளம்பிய சென்னை ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள், தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்கும்போது, அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டார்கள்.

நம்மிடம் அப்போது கிறிஸ்துமஸுக்காக வாங்கிய கேக்கும் பெட்ஷீட்டும் இருந்தன. பாதை சரியானதும் வேனில் ஏற்றிக்கொண்டு ஏரல் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊர் எல்லையிலேயே, யாரோ கொண்டுவந்து கொட்டிய பழைய துணிகள் சேற்றில் மலை மாதிரி கிடந்தன. கிழிந்த சட்டை, ஜிப்பு போன பேண்ட், ஒற்றைச் செருப்பு. வீட்டை இழந்தவர்கள் அதையும் சேர்த்து அள்ளிப்போட வேண்டியிருந்தது.

ஒரு அக்கா வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மம்மட்டி இருக்கா? வெளக்குமாறு? வாளி?" என்று கேட்டார். வீட்டுக்குள் முழங்கால் உயரச் சேறு. நாங்கள் கேக்கை நீட்டினோம். வாங்கிக்கொண்டார், அவர் கையெல்லாம் சேறு, கேக் கவரெல்லாம் சேறு. அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றே திரும்பி வந்து ஹார்டுவேர் கடையில் மண்வெட்டியும் வாளியும் பிளீச்சிங் பவுடரும் வாங்கிக்கொண்டு மறுநாள் போனோம்.

அந்த மறுநாள்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பிளஸ் டூ, அறிவியல் பிரிவு. வீட்டு முன்னால் துணி காயப்போடும் கொடியில், துணிக்குப் பதில் தாள்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். இயற்பியல் ரெக்கார்ட் நோட்டு. நோட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகக் காயவைத்திருக்கிறாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். பேனாவால் எழுதியதெல்லாம் கரைந்து ஊதா நிறத் திட்டாக இருந்தது, ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. ஆனால் பென்சிலால் வரைந்த படங்கள் கொஞ்சமும் அழியவில்லை. மீட்டர் சமனச்சுற்று, ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள், எல்லாம் அப்படியே இருந்தன. முப்பத்து நாலு வருடம் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். படத்தைப் பென்சிலால்தான் வரைய வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளைக் கடிந்திருப்பேன். அன்று அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என்னால் பேச முடியவில்லை.

"மிஸ், சாப்பாடு வருது, துணி வருது. ஒரு ரெக்கார்ட் நோட்டு கிடைக்குமா? அடுத்த மாசத்துக்கு மேல பிராக்டிகல் வந்துரும்" என்றாள். பக்கத்துத் தெருவிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவளே பெயர்களைச் சொல்லி எண்ணினாள். பதினேழு பேர்.

ஸ்டேஷனரிக் கடையில் பாடவாரியாக எடுத்துக் கொடுத்தோம். பாளையங்கோட்டையில் என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகளில் பழைய ரெக்கார்டுகளை இரவல் வாங்கினேன். ஜனவரியில் மூன்று ஞாயிறு அங்கே போய் உட்கார்ந்தோம். ஊர்ச் சாவடித் திண்ணையில் பதினேழு பிள்ளைகளும் வரிசையாகக் குனிந்து எழுதினார்கள். அந்தப் பெண் மட்டும் பழைய தாளில் இருந்த தன் படங்களைக் கத்தரித்துப் புது நோட்டில் ஒட்டலாமா என்று கேட்டாள். அவள் பள்ளி ஆசிரியர் சம்மதித்துவிட்டார்.


புடவைக் கடை உறுப்பினர்

நான் சுருக்கமாக. சேலை வழங்கும் விழாவுக்கு மூன்று வருடம் என் கடையிலிருந்துதான் எடுத்தோம். ஒரு ஆச்சி மேடையில் வாங்கிக்கொண்டு, கீழே இறங்கி என்னிடம் தனியாக, "ஐயா, வீட்டுல ஏழு சேல கெடக்கு, எல்லாம் விழாவுல குடுத்தது. நைட்டி இருந்தா ரெண்டு குடுங்க, இடுப்பு வலிக்குச் சேல கட்ட முடியல" என்றார்கள். அடுத்த நாள் கடைக்கு வரச் சொன்னேன். முன்பக்கம் பட்டன் வைத்த, பை வைத்த காட்டன் நைட்டிதான் வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். பை எதற்கு என்று கேட்டேன். மாத்திரை அட்டையும் வீட்டுச் சாவியும் வைக்க.


பொருளாளர்

பணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி, அப்புறம் வேறு விஷயம். பொதுமக்களிடம் வாங்கும் பணம் சேவைக் கணக்கில் மட்டும்தான் இருக்க வேண்டும், நம் கூட்டச் செலவும் சாப்பாடும் உறுப்பினர் சந்தாவிலிருந்துதான் போக வேண்டும். இது இயக்கத்தின் விதி. இந்த டிசம்பரிலும் அப்படியே இருக்கிறது, ரசீதுகள் என்னிடம் உள்ளன.

நான் சொல்ல வந்தது சில வருடங்களுக்கு முன் ஒரு குழந்தைகள் இல்லத்தில் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், ஸ்டார் கட்டி, குடில் எல்லாம் வைத்து அழகாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் கொடுத்தோம். நான்தான் போனில் படம் எடுத்தேன். பேனரைப் பிடித்தபடி நாங்கள் பின்னால், பிள்ளைகள் முன்னால். பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் ஒவ்வொரு முறையும் சரியாக நான் அமுக்கும் நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டான். "தம்பி, நிமிர்ந்து பாரு" என்றேன். மூன்றாவது தடவை பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அண்ணே, இது பேஸ்புக்ல வருமா? எங்க கிளாஸ் பசங்களுக்கு நான் இங்க இருக்கேன்னு தெரியாது" என்றான்.

எல்லாப் படத்தையும் அவன் கண்முன்னாலேயே அழித்தேன். போன் திரையை அவன் பக்கம் திருப்பி, 'நீக்கப்பட்டவை' என்ற இடம் வரை போய்க் காட்டினேன். அப்போதும் அவன் முகம் முழுசாகத் தெளியவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு, பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருப்பது தெரியாமல் போனது என் தவறு. ஆனால் அந்தப் பையன் குனிந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், அதுதான் இன்றும் உறுத்துகிறது. இனி அரிமா மாவட்டத் தலைமைக்கு அறிக்கை அனுப்பும்போது பொருட்களின் படமும் இல்லத்தின் ரசீதும் போதும் என்று ஞாயிறு கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். யாரும் மறுத்துப் பேசவில்லை. நன்றி.


கண் முகாம் பொறுப்பாளர்

1925 ஜூன் 30-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் அம்மையார், பார்வையற்றவர்களுக்காக இருளை எதிர்த்து நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கண் சேவை நம் இயக்கத்தின் முதல் வேலையாக ஆனது அப்போதிருந்துதான். 2025-ல் அதற்கு நூறு ஆண்டு நிறைந்தது. அதற்காக டிசம்பரில் பெரிதாக ஒரு முகாம் நடத்துவோம் என்று முன்மொழிந்தவன் நான். அதை ஏன் தள்ளிவைத்தேன் என்று சிலர் கேட்டீர்கள்.

முகாமுக்கு முன்னால் வீடு வீடாகச் சொல்லப் போவேன். முறுக்குக்கார அக்கா வீட்டுக்கும் போனேன். கைமுறுக்கு. மாவைச் சின்ன உருண்டையாக எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கிக்கொண்டே, விரித்த வேட்டித் துணியில் சுற்றிச் சுற்றி விட வேண்டும். ஐந்து சுற்று, ஏழு சுற்று என்று கணக்கு. அந்த அக்கா முகத்தை நிமிர்த்தி, எங்கேயோ பார்த்துக்கொண்டே சுற்றினார்கள். இடது கை விரலால் சுற்றைத் தடவி எண்ணுகிறார்கள். இரண்டு கண்ணிலும் புரை. டார்ச் அடித்தால் கண்மணி வெள்ளையாகத் தெரிகிறது.

"அக்கா, டிசம்பர்ல முகாம். அன்னைக்கே பஸ்ல கூட்டிட்டுப் போயி, ஆபரேஷன் பண்ணி, லென்ஸ் வச்சு, சாப்பாடு போட்டுக் கொண்டாந்து விட்ருவோம். ஒத்தக் காசு வேண்டாம்."

"வேண்டாம் தம்பி."

பயம் என்று நினைத்து, எப்படிச் செய்வார்கள், எத்தனை நிமிடம் ஆகும் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "ஆபரேஷன் பண்ணா அடுப்புப் புகைகிட்டப் போகக் கூடாதும்பாங்க. கிறிஸ்துமஸுக்கு எனக்கு நாப்பது வீட்டு ஆர்டர் இருக்கு. அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து வேற. வருஷத்துல நான் நாலு காசு பாக்குறது இந்த ஒரு மாசந்தான். அத உட்டுட்டுக் கண்ண வச்சு நான் என்ன பாக்கப் போறேன்? பொங்கல் கழிச்சு வைங்க, நானே வாரேன்."

அன்று மாலையே ஊரில் இன்னும் ஏழெட்டுப் பேரிடம் கேட்டேன். பீடி சுற்றுகிறவர்கள், வயலில் வேலை பார்க்கிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். எல்லோருக்கும் டிசம்பரில் கை நிறைய வேலை. போன வருட முகாமில் அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களில் பலர் ஏன் பஸ் ஏறவில்லை என்று நாம் கூட்டத்தில் வருத்தப்பட்டோமே, அதற்கான பதில் அந்தத் தெருவிலேயே இருந்திருக்கிறது. நான் ஒரு வருடம் கழித்துத்தான் போய்க் கேட்டேன்.


செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. கண் முகாமுக்குத் தேதி உறுதியாகிவிட்டது. ஜனவரி 18, ஞாயிறு, நடுநிலைப் பள்ளி மைதானம், காலை 8 மணி. சர்க்கரை, ரத்த அழுத்தச் சோதனை அங்கேயே. வருகிறவர்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுவர வேண்டும். பிப்ரவரி 8 மதியம் முதியோர் இல்லத்தில் சாப்பாடு. குழைய வேகவைத்த சோறு, பருப்பு, ரசம், அவியல். சிஸ்டரிடம் கேட்டு எழுதிய பட்டியல் இது, மாற்ற வேண்டாம்.

முறுக்குக்கார அக்கா நேற்று சாயங்காலம் என் கடைக்கே வந்தார்கள். துணைக்கு ஆள் இல்லை என்றார்கள். டீச்சர் கூட இருப்பார்கள் என்று சொன்னேன். "அப்போ சரி, பதினாறாம் தேதியோட எண்ணெச் சட்டியைக் கழுவிக் கவுத்திருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.