1,80,000 கார்டு பாயிண்ட் இருக்கிறது: மைலாக மாற்றலாமா, வேறு வழி பார்க்கலாமா?

ஜன்னலோரம்:

நான்கு வருடமாக ஒரே கிரெடிட் கார்டில் சேர்ந்த பாயிண்ட் 1,80,000 ஆகிவிட்டது, இதுவரை ஒன்றைக்கூட எடுத்ததில்லை. அடுத்த வருடம் அம்மா அப்பாவை முதல் முறையாக ஒரு வெளிநாட்டுப் பயணம் அழைத்துப் போக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கார்டு தளத்தில் பில்லில் கழிக்கலாம், கிஃப்ட் வவுச்சர் எடுக்கலாம், அவர்கள் போர்ட்டலில் (கார்டு நிறுவனத்தின் சொந்த பயணத் தளம்) டிக்கெட் போடலாம், இல்லையென்றால் விமான நிறுவன மைலாக, அதாவது பணத்துக்குப் பதில் கொடுத்து டிக்கெட் எடுக்கிற அவர்களுடைய பாயிண்டாக, மாற்றலாம் என்று காட்டுகிறது. பில்லில் கழித்தால் ஒரு பாயிண்டின் பண மதிப்பு 0.25, போர்ட்டலில் 0.5. மைல் என்றால் 2 பாயிண்டுக்கு 1. மைல்தான் லாபம் என்று கேட்கிற எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. திடீரென்று விகிதத்தைக் குறைத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. இப்போதே எல்லாவற்றையும் மைலாக மாற்றி வைத்துவிடட்டுமா?

கணக்குப்பிள்ளை:

மாற்றாதீர்கள், முதலில் கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு 2 பாயிண்ட் சேர்ந்தால்தான் 1 மைல், அதே 2 பாயிண்ட் போர்ட்டலில் 1.0 தருகிறது. ஆக ஒரு மைலுக்கு 1.0க்கு மேல் கிடைத்தால்தான் மாற்றுவதில் அர்த்தம்.

இதில் பலரும் கோட்டை விடுகிற இடம் வரி. மைலில் எடுத்தாலும் விமான நிலையக் கட்டணமும் வரியும் கையிலிருந்துதான் போகும், சில நிறுவனங்கள் அதற்கு மேல் சர்சார்ஜ் என்று ஒரு பெரிய தொகையும் சேர்ப்பார்கள். ஒரு டிக்கெட் பணம் கொடுத்தால் 32,000, மைலில் எடுத்தால் 20,000 மைலோடு வரி 7,000 என்று வைத்துக்கொள்வோம் (நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்). 32,000இல் 7,000 போனால் 25,000, அதை 20,000ஆல் வகுத்தால் மைலுக்கு 1.25. போர்ட்டலைவிட நல்லது. அதே டிக்கெட்டுக்கு வேறொரு நிறுவனத்தில் சர்சார்ஜ் சேர்ந்து 14,000 கேட்டால் மைலுக்கு 0.9தான் வருகிறது, அப்போது போர்ட்டலே மேல். அதுவும் போர்ட்டலில் போட்ட டிக்கெட் பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்கிய டிக்கெட்டாகவே கணக்காகும், அதில் பறந்தால் புதிதாக மைலும் சேரும். ஒரே குறை, தேதி மாற்ற வேண்டியிருந்தால் விமான நிறுவனம் உங்களைப் போர்ட்டல்காரர்களிடமே போகச் சொல்லும்.

இன்னொன்று. பிசினஸ் கிளாஸ் விலையை எடுத்து வகுத்தால் மைலுக்கு 4, 5 என்றெல்லாம் வரும். நீங்கள் பணம் கொடுத்து அந்த சீட்டை வாங்கியே இருக்க மாட்டீர்கள் என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். உங்கள் கையிலிருந்து உண்மையில் போயிருக்கக்கூடிய பணம் எவ்வளவோ அதை வைத்து வகுங்கள்.

வழிப்போக்கன்:

மேலே சொன்னது அத்தனையும் சரி, நான் பட்டதையும் சொல்கிறேன். விமான நிறுவனத் தளத்தில் மைலுக்கு சீட் காட்டியது, 60,000 பாயிண்டை மாற்றினேன், மைல் வந்து சேர மூன்று நாள் ஆனது, அதற்குள் சீட் போய்விட்டது. மாற்றிய பாயிண்ட் திரும்ப வராது, கெஞ்சியும் பார்த்துவிட்டேன். அந்த மைல் இரண்டு வருடம் கிடந்து, கடைசியில் வேண்டாத ஒரு குறுகிய பயணத்துக்குப் போனது. இன்று வரை வருத்தம்.

அதனால் முதலில் சீட், பிறகுதான் மாற்றம். கூட்டாளி நிறுவனத்தின் சீட்டாக (ஒரு நிறுவனத்தின் மைலில் எடுக்கிற இன்னொரு நிறுவன விமானத்தின் சீட்) இருந்தால் இரண்டு தளத்தில் பாருங்கள். ஒன்றில் காட்டி மற்றதில் காட்டாவிட்டால் அது பேருக்கு மட்டும் இருக்கிற சீட்டாக இருக்கலாம், போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மைல் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்றும் முன்பே விசாரியுங்கள், சில நிறுவனங்களுக்கு உடனே போய்விடும், சிலவற்றுக்கு நாள் கணக்கில் ஆகும்.

தென்றல்:

விகிதம் குறையும் என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் அதற்கு மருந்து மாற்றி வைப்பது இல்லை. கார்டில் இருக்கும்வரை பல கதவு திறந்திருக்கிறது, மாற்றிய பிறகு ஒரே கதவு. விமான நிறுவனங்களும் சொல்லாமல் மைல் விலையை ஏற்றுவார்கள். அமெரிக்க விமான நிறுவனமான டெல்டா 2015இலேயே எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற பட்டியலைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது, டிக்கெட் விலையோடு மைலும் ஏறி இறங்குகிறது. காலாவதியும் இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல் 36 மாதத்தில் போய்விடும், நடுவில் நீங்கள் பறந்தாலும் பழைய மைலுக்கு ஆயுள் நீளாது.

வவுச்சரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் என்பேன். கார்டை மூடப் போகிறீர்கள், அல்லது பாயிண்ட் அடுத்த மாதம் காலாவதி ஆகிறது என்றால், எப்படியும் வாங்கப்போகிற பொருளுக்கு வவுச்சர் எடுப்பது வீணாகப் போவதைவிட எவ்வளவோ மேல்.

ஜன்னலோரம்:

மூவருக்கும் நன்றி. நல்லவேளை அவசரப்படவில்லை. இரண்டு சந்தேகம். மைல் என் பெயரில் இருக்கும், அம்மா அப்பாவுக்கு அதில் டிக்கெட் போட முடியுமா? அப்புறம், 90,000 மைலில் மூன்று பேருக்கும் சீட் கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை:

அடுத்தவர் பெயரில் போடலாம், நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. கிரிஸ்ஃப்ளையரில் 5 பேர் வரை நாமினியாக (உங்கள் மைலில் டிக்கெட் போடக்கூடியவர்களாக) சேர்க்கலாம், அம்மா அப்பாவை இப்போதே சேர்த்துவிடுங்கள், பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

ஒரே விமானத்தில் குறைந்த மைல் சீட் மூன்று கிடைப்பதுதான் கஷ்டம். பல நிறுவனங்கள் சுமார் 11 மாதம் முன்பே சீட்டைத் திறந்துவிடும், தேதி தெரிந்தால் அன்றைக்கே பாருங்கள். இரண்டுதான் இருக்கிறது என்றால் அவர்கள் இருவருக்கும் மைலில் எடுத்துவிட்டு உங்களுக்குப் போர்ட்டலில் அதே விமானத்தைப் போடுங்கள். இரண்டு புக்கிங் தனித்தனியாக இருக்கும் என்பதால் நிறுவனத்துக்குப் போன் செய்து ஒரே குடும்பம் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள், விமானம் ரத்தானால் ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிடாமல் இருக்க அது உதவும்.

தென்றல்:

சர்சார்ஜ் விஷயத்தில் ஒன்று விட்டுப்போனது. ஏவியோஸ் என்ற மைலை பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் எல்லாம் பொதுவாக வைத்திருக்கின்றன, கணக்குகளை இணைத்தால் 1க்கு 1 என்று இங்கிருந்து அங்கே நகர்த்தலாம். ஒரே விமானத்தின் ஒரே சீட்டுக்கு ஒரு தளத்தில் கேட்கிற மைலும் வரியும் இன்னொன்றில் வேறாக இருக்கும். உங்கள் கார்டு பாயிண்டை மைலாக மாற்றித் தரும் நிறுவனங்களின் பட்டியலில் இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், மற்ற தளங்களிலும் விலை பார்த்துவிட்டு எங்கே குறைவோ அங்கே எடுங்கள்.

ஜன்னலோரம்:

பட்டியலில் அதில் ஒன்று இருக்கிறது! இன்று இரவே தேதி வாரியாகத் தேடிப் பார்த்து, மைல், வரி இரண்டையும் எழுதி இங்கே போடுகிறேன். கணக்கு சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.