100 ரூபாய் முன்பணம் வாங்கினால் அரங்கு நிறைந்துவிடுமா?

உறையூர்க்காரன்:
நேற்று இங்கே கோவை வாசகர் ஒரு யோசனை எழுதியிருந்தார். இலக்கியக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பவர்களைத் திருத்த ஒரே வழி, பதிவு செய்யும்போதே 100 ரூபாய் முன்பணம் வாங்குவதுதானாம். வந்தவருக்கு வாசலிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டுமாம், வராதவர் பணம் அமைப்புக்குப் போய்விடுமாம். "இலவசம் என்றால் நம் ஆட்கள் மதிக்க மாட்டார்கள்" என்று ஒரு தீர்ப்பு வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை.

திருச்சியில் மாதந்தோறும் புத்தகக் கூட்டம் நடத்தும் குழுவில் நானும் இருக்கிறேன். முன்பெல்லாம் கூகுள் படிவத்தில் பெயர்கள் நிரம்பி வழியும். மாலை ஆறு மணிக்குப் பார்த்தால் அதில் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். பேச வந்தவர் கண்ணில் படக்கூடாது என்று பின்வரிசை நாற்காலிகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கிவிடுவோம். சுண்டல் தூக்கு வாளியில் அப்படியே கிடக்கும். அந்த வலி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அதற்கு மருந்து 100 ரூபாய் அல்ல. வராதவருக்கு இன்று கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டால் அதுவும் போய்விடும். "அதற்குத்தான் 100 ரூபாய் கட்டியாயிற்றே" என்று நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்துகொள்வார்.

இது என் ஊகம் அல்ல. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் ஊரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போகப் பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று 6 காப்பகங்களில் அறிவித்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்கானது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. போன கூச்சம் போனதுதான். கோவை வாசகர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கோவை வாசகர்:
சொல்கிறேன். அந்தக் காப்பகங்களில் மாதக் கட்டணம் 1,400 ஷெக்கல் அளவில் இருந்தது. அதன் பக்கத்தில் 10 ஷெக்கல் என்ன பணம்? யாருக்கும் உறைக்காது. நான் சொல்வது 100 ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது உறைக்கும். கோவையில் எங்கள் அமைப்பின் கூட்டங்களில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டோம், நாற்காலிகள் நிறைகின்றன. நீங்கள் சுவரோரம் அடுக்கிக்கொண்டே இருங்கள்.

கணக்கப்பிள்ளை:
ஒரு திருத்தம். ஆய்வில் மொத்தம் 10 காப்பகங்கள், 6இல்தான் அபராதம். மீதி 4 ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வின் பலம் பாதி போய்விடும்.

உறையூர்க்காரன்:
6 காப்பகம் என்றுதானே நானும் எழுதினேன், கணக்கப்பிள்ளை? சரி, போகட்டும். கோவை வாசகரே, 100 ரூபாய் உறைக்கும் என்கிறீர்களே, யாருக்கு உறைக்கும்? வாடகை வீட்டில் இருந்துகொண்டு கல்லூரியில் படிக்கிற பையனுக்கு உறைக்கும். அவன் பதிவே செய்ய மாட்டான். காரில் வரும் மருத்துவருக்கு உறைக்காது. அவர் 100 ரூபாயைக் கட்டிவிட்டு வராமல் இருப்பார். யாரை வரவழைக்க வேண்டுமோ அவனை விரட்டிவிட்டு, வராதவருக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கிறது உங்கள் திட்டம்.

கோவை வாசகர்:
பையன் வந்தால் 100 ரூபாய் அவனுக்கே திரும்பப் போகிறது. இதுகூடப் புரியாதவர்களோடு என்ன பேசுவது?

உறையூர்க்காரன்:
ஞாயிறு மாலை வரைக்கும் அந்த 100 ரூபாய் உங்களிடம் இருக்குமே, வியாழன், வெள்ளி அவன் சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? இது உங்களுக்குப் புரியாமல் போனதில் எனக்கு வியப்பில்லை.

முன்வரிசை:
இரண்டு பேரும் அமைப்பாளர்கள். கேட்க வருகிறவளின் பக்கத்தையும் கேளுங்கள். அழைப்பிதழில் ஆறு மணி என்று அச்சடிக்கிறீர்கள். ஆறரைக்கு மைக் சோதனை. ஆறே முக்காலுக்கு வரவேற்புரை. பிறகு தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம். யாருடைய பேச்சைக் கேட்க வந்தேனோ அவர் எழுந்திருக்கும்போது எட்டு மணி. அப்போது நான் பஸ்ஸுக்காகக் கிளம்பியாக வேண்டும். அடுத்த முறை பெயர் கொடுத்துவிட்டு ஏன் வரவில்லை என்றால் இதற்காகத்தான். நான் வராவிட்டால் 100 ரூபாய் உங்களுக்கு. நீங்கள் ஒரு மணி நேரம் தாமதித்தால் எனக்கு எத்தனை ரூபாய் தருவீர்கள்?

உறையூர்க்காரன்:
முன்வரிசை கேட்டதற்குக் கோவை அமைப்பிடம் பதில் இருக்காது. எங்கள் கூட்டத்தில் பொன்னாடை கிடையாது. ஆறு மணி என்றால் ஆறு மணிக்குப் பேச்சு தொடங்கும், ஐந்து பேர் இருந்தாலும் தொடங்கும். முதல் சில மாதங்கள் தாமதமாக வந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். இப்போது ஐந்தே முக்காலுக்கு வந்து இடம் பிடிக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்கிறோம். கூட்டத்துக்கு முந்தைய நாள் பெயர்களை எங்களுக்குள் பிரித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் பேசுகிறோம். வாட்ஸ்அப் குழுவில் அழைப்பிதழைத் தட்டிவிட்டு ஒதுங்குவதில்லை. "நாளை நீங்கள் வந்தால் அந்த நாவலின் மூன்றாம் பகுதியைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்போம்" என்று சொல்கிறோம். வர முடியாதவர் அப்போதே சொல்லிவிடுவார், நாமும் சுண்டலைக் குறைத்துக்கொள்ளலாம். இதற்கு 100 ரூபாய் வேண்டாம். உழைப்பு வேண்டும். அது இல்லாதவர்கள் யுபிஐ குறியீட்டை ஒட்டுகிறார்கள்.

கோவை வாசகர்:
உழைப்பைப் பற்றி நீங்கள் பேசலாமா? சென்ற ஆண்டு எங்கள் கருத்தரங்குக்கு உங்கள் குழுவிலிருந்து ஐவர் வருவதாகச் சொல்லி மதியச் சாப்பாட்டுக்கும் பெயர் கொடுத்தீர்கள். ஒருவர்கூட வரவில்லை. ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஐந்து இலை வீணானது. அப்போது உங்களிடம் 100 ரூபாய் வாங்கியிருக்க வேண்டும்.

உறையூர்க்காரன்:
அன்று காலை உங்கள் செயலாளருக்குத் தொலைபேசியில் சொன்னோம். அவர் எடுத்துப் பேசினார். உங்களிடம் சொல்லாமல் விட்டது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

கோவை வாசகர்:
எங்கள் செயலாளர் அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்கிறார்.

உறையூர்க்காரன்:
அவர் இங்கே வந்து எழுதட்டும்.

தென்னந்தோப்பு:
புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். வருகைக்குப் பணம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஹைஃபா வரைக்கும் ஏன் போக வேண்டும்? ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் மொய் விருந்துக்கு வாருங்கள். பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து வைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு. எனக்கு நீ சென்ற முறை எவ்வளவு எழுதினாய் என்று என் நோட்டில் இருக்கிறது, உனக்கு நான் அதைவிடக் கூடுதலாக எழுத வேண்டும். வர முடியாதவர் மகனிடமாவது கொடுத்தனுப்புவார். 2018இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு கையில் காசில்லாத காலத்திலும் மொய்யை மறந்தவர்கள் கிடையாது. பணம் இருக்கிற இடத்தில் ஆள் வருவான்.

கோவை வாசகர்:
தென்னந்தோப்பு அண்ணா, வாயில் சர்க்கரை போட வேண்டும். இதைத்தானே நான் நேற்றிலிருந்து சொல்கிறேன்!

உறையூர்க்காரன்:
எங்கே சொன்னீர்கள்? மொய் விருந்தில் பணம் கட்டாயம் இல்லை, முகம் கட்டாயம். நோட்டில் பெயர் இருக்கிறது, ஊர் பார்க்கிறது, நாளைக்குத் தன் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் வர வேண்டும். அந்த உறவுதான் இழுத்து வருகிறது. கூகுள் படிவத்துக்கும் எனக்கும் என்ன உறவு? உங்கள் 100 ரூபாயை மொய் நோட்டில் எழுதினால் ஊரே சிரிக்கும்.

கடைமடை:
மொய் விருந்தைக் கீரமங்கலத்தார் தங்கள் சொத்து போலப் பேசுவது வாடிக்கையாகிவிட்டது. பேராவூரணிப் பக்கமும் மொய் விருந்து பெரிதாக நடக்கிறது. எங்கள் பந்தலில் பணம் எண்ண எந்திரமே வைக்கிறார்கள்.

தென்னந்தோப்பு:
எந்திரம் எங்கள் ஊரிலும் உண்டு. எங்களைப் பார்த்துப் பேராவூரணியில் தொடங்கினீர்கள் என்று என் தாத்தா சொல்வார்.

கடைமடை:
என் தாத்தா அதற்கு நேர்மாறாகச் சொல்வார்.

கணக்கப்பிள்ளை:
தாத்தாக்களை விட்டுவிட்டு அச்சில் இருப்பதைப் பார்ப்போமா? லண்டனில் பார்ட்ஸ் மருத்துவமனைக் குழுமத்தில் செய்த சோதனை 2015இல் ப்ளோஸ் ஒன் என்ற ஆய்விதழில் வந்தது. முன்பதிவு செய்த நோயாளிகளுக்கு வழக்கமான நினைவூட்டல் குறுஞ்செய்தி போனபோது வராதவர்கள் 11.1 சதவீதம். நீங்கள் வராவிட்டால் சுகாதார சேவைக்கு ஏறத்தாழ 160 பவுண்டு இழப்பு என்ற வரியைச் சேர்த்து அனுப்பியவர்களிடையே 8.4 சதவீதம்.

உறையூர்க்காரன்:
பார்த்தீர்களா? ஒரு பைசாகூட வாங்கவில்லை. சொன்னார்கள், அவ்வளவுதான். மனிதர்களை மதித்துச் சொன்னால் வருவார்கள்.

கோவை வாசகர்:
பார்த்தீர்களா? தொகையைச் சொன்ன பிறகுதான் வந்திருக்கிறார்கள். 160 பவுண்டு என்றதும் உறைத்தது. என் 100 ரூபாயும் அப்படித்தான் உறைக்கும்.

உறையூர்க்காரன்:
அந்த 160 பவுண்டு நோயாளியின் பையிலிருந்து போகவில்லை ஐயா!

கோவை வாசகர்:
இலவசப் பதிவின் இலட்சணத்துக்கு ஒரு சான்று தருகிறேன். 2020 ஜூன் 20, அமெரிக்காவின் துல்சா நகரம், டிரம்பின் பிரசாரக் கூட்டம். பத்து லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் கேட்டதாகப் பிரசாரக் குழு மார்தட்டியது. அரங்கில் 19,000 இருக்கைகள். தீயணைப்புத் துறை எண்ணியபடி வந்தவர்கள் 6,200 பேர் அளவில்தான். டிக்டாக்கிலும் கே-பாப் என்ற கொரிய இசையின் ரசிகர்களிடையேயும் இளைஞர்கள் வேண்டுமென்றே பெயர் கொடுத்து ஏமாற்றினார்கள். தலைக்கு 100 ரூபாய் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

உறையூர்க்காரன்:
அவர்கள் அவருடைய எதிரிகள். அத்துடன் அது கொரோனா காலம். உங்கள் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராதவர்கள் எல்லாம் உங்கள் எதிரிகளா? அப்படியானால் நோய் வேறு, முதலில் அதைப் பாருங்கள்.

முன்வரிசை:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. கோவைக் கூட்டம் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? அழைப்பிதழில் உள்ள மணியைக் கேட்கவில்லை. பேச்சு தொடங்கும் மணியைக் கேட்கிறேன்.

கோவை வாசகர்:
சகோதரி, மூத்த எழுத்தாளர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது நம் பண்பாடு. அதைத் தாமதம் என்று சொல்வதை ஏற்க முடியாது.

முன்வரிசை:
மணியைச் சொல்லுங்கள்.

உறையூர்க்காரன்:
சொல்ல மாட்டார். இப்போது நான் கேட்கிறேன். நாற்காலிகள் நிறைகின்றன என்கிறீர்களே, முன்பணம் தொடங்குவதற்கு முன் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்? பாதிப் பேர் பதிவு செய்யாமலே ஒதுங்கிவிட்டார்கள், அதற்கேற்பச் சின்ன அரங்குக்கு மாறிவிட்டீர்கள் என்று உங்கள் ஊர் நண்பர்களே சொல்கிறார்கள். நாற்காலியைக் குறைத்தால் எந்த அரங்கும் நிறையும். வராதவர்களின் 100 ரூபாய் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது? புத்தகம் வாங்கினீர்களா, பொன்னாடை வாங்கினீர்களா?

கோவை வாசகர்:
கணக்கு கேட்க நீங்கள் எங்கள் உறுப்பினர் அல்ல. அரங்கு மாறியது வாடகை உயர்ந்ததால். அடுத்த கூட்டத்துக்குப் படிவம் இன்றிரவு திறக்கிறது, 100 ரூபாய் முன்பணம் தொடரும். விருப்பம் உள்ளவர்கள் வரலாம்.

கடைமடை:
தென்னந்தோப்பு, ஆவணியில் எங்கள் ஊர்ப் பந்தலுக்கு வந்து பாருங்கள். பிறகு பேசுவோம்.

தென்னந்தோப்பு:
அழைப்பு அச்சடித்து நேரில் கொண்டுவந்து வைத்தால் வருகிறேன். இப்படி எழுதிவிட்டுப் போனால் எங்கள் ஊரில் அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டோம்.

உறையூர்க்காரன்:
வாடகை உயர்ந்ததாம். 100 ரூபாய் முன்பணம் வந்த அதே மாதத்தில் உயர்ந்ததா? மறுபடியும் கேட்கிறேன் கோவை வாசகரே: முன்பு பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்?